இரண்டாவது குழாய்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் ஒரே வீட்டுக்குள் இரண்டு தண்ணீர் புழங்குகிறது. ஒன்று நல்ல தண்ணி. வைகையில் இருந்தோ காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்தோ குழாய் வழியாக வருவது. வரும் நாளையும் நேரத்தையும் பார்த்துக் காத்திருந்து குடங்களில் நிரப்பிக்கொள்ள வேண்டியது. மற்றது உப்புத் தண்ணி. வீட்டு போர்வெல்லில் இருந்தோ, தெருமுனையில் சிறு மின்விசைப் பம்பு ஏற்றும் சின்டெக்ஸ் தொட்டியில் இருந்தோ கிடைப்பது. குடிக்கவும் உலை வைக்கவும் முதலாவது. குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் துலக்க, வீடு கழுவ இரண்டாவது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு நாற்பது லிட்டர் போதும். மற்றப் புழக்கத்துக்கு நானூறு லிட்டராவது வேண்டும். அரசுத் திட்டங்கள், தேர்தல் வாக்குறுதிகள், பத்திரிகைத் தலைப்புகள் எல்லாமே அந்த நாற்பது லிட்டரைச் சுற்றியே நடக்கின்றன. மீதி நானூறு லிட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது எவரையும் கொல்வதில்லை என்பதே அதற்குக் காரணம். காலராவும் மஞ்சள் காமாலையும் வந்தால் அதிகாரிகள் ஓடி வருவார்கள். சோப்பு நுரைக்கவில்லை என்றால் யாரும் வரமாட்டார்கள். ஆனால் அந்த நானூறு லிட்டர் ஒவ்வொரு மாதமும் பணத்தையும் உடலுழைப்பையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வசதி குறைந்த வீடுகளில் அதிகமாக வாங்குகிறது. எந்த மன்றமும் விதிக்காத, எந்த ரசீதும் இல்லாத வரி அது. கடின நீரை ஒரு நோயாகவோ ஒரு சலிப்பாகவோ பார்ப்பதை விட்டு, இப்படி ஒரு வரியாகப் பார்த்தால்தான் அதைக் குறைக்கும் வழியும் குறைக்க வேண்டியவர் யார் என்பதும் விளங்கும்.

முதலில், இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? மதுரை மிகப் பழைய பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது. நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைகள்; இடையிடையே படிகச் சுண்ணாம்புக்கல் பட்டைகள்; மேல்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் சுக்கான் கல். யானைமலையும் திருப்பரங்குன்றமும் அந்தப் பாறை வெளியே தலைகாட்டும் இடங்கள்தாம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் பாறையிலும் சுக்கானிலும் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டும் நீரில் எவ்வளவு இருக்கின்றன என்பதே கடினத்தன்மை. நாம் உப்பு என்று சொன்னாலும் சமையல் உப்பு வேறு, இது வேறு. இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால் நாக்கு பிரித்துச் சொல்வதில்லை. அடைமழை பெய்யும் நாடுகளில் இந்த உப்புகள் ஆண்டுதோறும் அடித்துக்கொண்டு போய்விடும். மதுரைச் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. வெயிலோ ஆண்டு முழுவதும். வந்த நீரில் பெரும்பங்கு ஆவியாகிறது, கரைந்த உப்பு மண்ணிலேயே தங்குகிறது. இதோடு ஆழமும் சேர்ந்துகொள்கிறது. அறுபது, எழுபது அடிக் கிணற்றில் ஊறுவது சென்ற பருவத்து மழை. ஐந்நூறு, எண்ணூறு அடி போர்வெல்லில் வருவது பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிய நீர். பாறையோடு எவ்வளவு காலம் இருந்ததோ அவ்வளவுக்கு அது பாறையைக் கரைத்து வைத்திருக்கிறது. நீர்மட்டம் கீழே போகப் போக, குழாயில் வருவதும் கடினமாகிக்கொண்டே போகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, கடைசியாக 2012-ல் முழுமையாகத் திருத்தப்பட்டது. அதன்படி ஒரு லிட்டர் குடிநீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த கட்டத்தில் 600 மில்லிகிராம் என்று இன்னொரு எண் இருக்கிறது. அது வேறு நீராதாரமே இல்லாத நிலையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்சவரம்பு. அதாவது, தற்காலிகமான இக்கட்டுக்காக விடப்பட்ட சலுகை. நம் ஊரில் அந்தச் சலுகை நிரந்தர அளவுகோலாகிவிட்டது. 580 என்று பரிசோதனைத் தாள் வந்தால் “வரம்புக்குள் இருக்கிறது” என்று கோப்பு மூடப்படுகிறது. விரும்பத்தக்க அளவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று யாரும் அதில் எழுதுவதில்லை. இதைவிட முக்கியமான ஓட்டை ஒன்று உண்டு. இந்தத் தரம் குடிநீருக்கு மட்டுமானது. குடிப்பதற்கல்லாத நீர் என்று சொல்லித் தெருவில் பம்பு வைத்துத் தரப்படும் தண்ணீருக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. அதில் கடினத்தன்மை 600 ஆனாலும் 1,200 ஆனாலும் விதிமீறல் எதுவும் கிடையாது. நாற்பது லிட்டருக்குச் சட்டம் இருக்கிறது, நானூறு லிட்டருக்கு இல்லை.

அந்த நானூறு லிட்டரின் கணக்கைப் பார்ப்போம். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை நாளுக்கு 400 லிட்டர் புழங்கும் வீட்டுக்குள் தினமும் 240 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான பொருள் நுழைகிறது. ஆண்டுக்கு 87 கிலோ. எல்லாம் வீட்டிலேயே படிந்துவிடாது. பெரும்பகுதி சாக்கடையோடு போகும். ஆனால் சிறு பங்கு தங்கினாலே போதும். ஷவரின் கண்கள் அடைபடும், குழாயின் வாய் குறுகும், தரை ஓட்டில் வெள்ளை பூக்கும், எவர்சில்வர் குடத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஏடு படியும். தண்ணீரைச் சூடாக்கினால் இந்தப் படிவு வேகமெடுக்கிறது. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் உடைந்து, கரையாத சுண்ணாம்பாகிக் காயிலின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஓடு வெப்பத்தை எளிதில் கடத்தாது. காயில் தன் சூட்டிலேயே கருகிப்போக, மின்கட்டணமும் ஏறுகிறது, ஹீட்டரும் ஆயுள் முடியும் முன்பே பழுது பார்ப்பவரிடம் போகிறது. சோப்பின் கதை இன்னும் வெளிப்படையானது. சோப்பு நுரைப்பதற்கு முன்பு நீரில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து பிசுபிசுப்பான வண்டலாகிவிடுகிறது. ஒரு கிராம் கடினத்தன்மை ஏறத்தாழ ஆறு கிராம் சோப்பைத் தின்னும் என்பது பள்ளி வேதியியல் கணக்கு. 600 மில்லிகிராம் நீர் நிறைந்த பதினைந்து லிட்டர் வாளியில் ஒன்பது கிராம் கடினத்தன்மை இருக்கிறது. அந்த வாளி முழுதும் நுரைக்க வேண்டுமானால் முதல் 54 கிராம் சோப்பு அழுக்கைத் தொடாமலேயே வீணாகும். 200 மில்லிகிராம் நீரில் அதே வாளிக்கு வீணாவது 18 கிராம்தான். சலவைத் தூள்கள் கடின நீரைச் சோப்பைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்காகவே அவற்றில் சேர்க்கப்படும் சோடாவும் மற்றவையும் முதலில் கால்சியத்தோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடுகின்றன. கடின நீருக்கு அளவைக் கூட்டிப் போடச் சொல்லித் தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகிறார்கள்.

பணத்தில் சேராத பகுதி உழைப்பு. துணியில் அழுக்கோடு சேர்ந்து வண்டலும் ஒட்டுவதால் வெள்ளைச் சட்டை பழுப்பேறுகிறது, துண்டு விறைக்கிறது. அதைப் போக்கக் கூடுதலாக அடித்துத் துவைத்தால் நூல் நைகிறது. பள்ளிச் சீருடை ஆண்டு முடியும் முன் நிறம் மங்குகிறது. கழிப்பறைத் தரையில் படிந்த காரையைப் போக்கக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை அது கரைக்கும், கூடவே தரையின் பூச்சையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரும் அங்கே இருந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். நல்ல தண்ணி தீர்ந்துபோன நாளில் உப்புத் தண்ணியில் பருப்பு வைத்தால் வேகாமல் நிற்பது எல்லா அடுக்களைக்கும் தெரிந்த சங்கதி. பருப்பின் உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடும், ஆனால் பருப்பில் உள்ள தயாமின் சத்தும் அதனோடு அழியும். எரிவாயுவும் நேரமும் கூடுதலாகச் செலவாவது தனி. இந்த வேலைகளை எல்லாம் நம் வீடுகளில் யார் செய்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. தேய்ப்பது, அலசுவது, ஊறவைப்பது, காத்திருப்பது எல்லாம் பெண்களின் பொழுது. கூலி இல்லாத உழைப்பாக இருப்பதால் எந்தத் திட்ட அறிக்கையின் செலவுப் பட்டியலிலும் அது ஏறுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கடின நீர் உடம்புக்குக் கெடுதல் இல்லையே, கால்சியம் நல்லதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மறுப்பின் முதல் பாதி சரி. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்தின் அடிப்படையில் எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்கு உப்புத் தண்ணியே காரணம் என்று நம்மூரில் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கல் குறைவாகவே வந்தது. மதுரை வெயிலில் வியர்த்துக் கொட்டிவிட்டுப் போதிய நீர் குடிக்காமல் இருப்பதுதான் அதைவிடத் தெளிவான காரணம். உப்புக் கரிக்கிறது என்று குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களுக்குத் தண்ணீரின் சுவை மறைமுகமாகத் தீங்கு செய்யலாம். அது வேறு வழி. தோல் விஷயத்தில் சான்று இருபுறமும் இருக்கிறது. பிரிட்டனில் மூன்று மாதக் குழந்தைகள் 1,303 பேரை வைத்து 2016-ல் வந்த ஆய்வு, கடின நீர்ப் பகுதிகளில் தோல் அரிப்பு நோய் அதிகம் என்றது. 2018-ல் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடின நீரில் கழுவினால் சோப்புப் பொருள் தோலில் அதிகம் தங்கி எரிச்சல் தருவதைக் காட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே அந்த நோய் உள்ள 336 குழந்தைகளின் வீடுகளை வைத்து நடந்த பரிசோதனை 2011-ல் வெளியானபோது, மென்னீராக்கும் கருவியால் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை. முடி கொட்டுவதற்கு இது காரணம் என்பதற்கோ இதுவரை வலுவான ஆதாரம் இல்லை. ஆகவே நோயைக் காட்டிப் பயமுறுத்த நான் வரவில்லை. அப்படிப் பயமுறுத்துவது கருவி விற்பவர்களின் வேலை.

ஆனால் மறுப்பின் இரண்டாம் பாதி, அதாவது கெடுதல் இல்லாததால் பொருட்படுத்த வேண்டாம் என்பது, தவறு. காரணம் இரண்டு. கொல்லாத ஒன்று செலவு வைக்காது என்று ஆகிவிடாது. மேலே பார்த்த கணக்கு முழுவதும் நோய் என்ற சொல்லே இல்லாமல் வந்தது. இரண்டாவது, கடின நீர் தனியே வருவதில்லை. அதே ஆழத்து நீரில் ஃப்ளூரைடு இருக்கக்கூடும். கழிவுநீர்த் தொட்டிகளும் உர வயல்களும் நெருங்கிய இடங்களில் நைட்ரேட் இருக்கக்கூடும். மதுரை மாவட்டத்தின் நிலத்தடி நீரில் கடினத்தன்மையோடு நைட்ரேட்டும் பல இடங்களில் வரம்பு தாண்டுவதை மத்திய நிலத்தடி நீர் வாரியம் பதிவு செய்திருக்கிறது. ஃப்ளூரைடுக்கு உச்சவரம்பு 1.5 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 45. நைட்ரேட்டுக்குச் சலுகை அளவே கிடையாது. இந்த இரண்டையும் நாக்கால் அறிய முடியாது. உப்புக் கரிப்பதை மட்டும் வைத்து நீரை எடைபோடுகிற பழக்கத்தில், கரிக்காத தண்ணீரை நல்ல தண்ணி என்று நம்பிவிடுகிறோம்.

இந்தச் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதற்கு நகரத்தின் வரைபடமே சாட்சி. 2011-ல் மதுரை மாநகராட்சியின் எல்லை ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரில் இருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 72 வார்டுகள் 100 ஆயின. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விப்பட்டி, விளாங்குடி, வண்டியூர், திருப்பாலை, கண்ணனேந்தல் என்று பல ஊர்கள் உள்ளே வந்தன. சொத்து வரி உடனே வந்தது, வைகைக் குழாய் அதே வேகத்தில் வரவில்லை. ஆற்றங்கரையை ஒட்டிய பழைய நகரத்துக்கு வைகை மணலில் ஊறிய நீரின் தயவு இருந்தது. விரிவாக்கப் பகுதிகள் போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியே வளர்ந்தன. லாரியில் வந்து குடக்கணக்கில் விற்கும் தண்ணீரைக் குடம் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து குடம் வாங்கும் வீடு மாதம் 1,500 ரூபாய் தருகிறது. மாநகராட்சிக் குழாய் உள்ள வீடு அதில் சிறு பகுதியைக்கூடக் கட்டுவதில்லை. வாடகை குறைவு என்று புறநகருக்குப் போன குடும்பம், மிச்சம் பிடித்ததைத் தண்ணீருக்கும் சோப்புக்கும் ஹீட்டருக்கும் திருப்பிக் கட்டுகிறது. திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி பக்கக் கரிசல் ஊர்களில் இது தலைமுறைக் கதை.

வசதி உள்ளவர்கள் ஆளுக்கொரு கருவி மாட்டித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அது தீர்வாகாது என்பதோடு, அண்டை வீட்டுக்குத் தொந்தரவாகவும் முடியும். ஆர்.ஓ. எனப்படும் எதிர் சவ்வூடு கருவி ஒரு லிட்டர் நல்ல நீர் தர ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. 600 மில்லிகிராம் நீர் உள்ளே போனால் அந்தக் கழிவில் ஏறத்தாழ 800 இருக்கும். பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் அது போகும் இடம் உறிஞ்சுகுழி. அங்கிருந்து அதே நிலத்தடி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்யவும், அனுமதிக்கும் இடங்களில் 60 சதவீதத்துக்கு மேல் நீரை மீட்கச் செய்யவும் உத்தரவிட்டது. இந்தக் கருவியை வீட்டு வாசலில் வந்து, இரண்டு இரும்புக் கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் பழுப்பாவதைக் காட்டி விற்கிறார்கள். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பில் இருந்து வருவது, தண்ணீரின் அழுக்கு இல்லை. வாசகர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதைவிடவும், ஆர்.ஓ. தருவது மறுபடி அந்த நாற்பது லிட்டருக்குத்தான். குளியலுக்கும் துவையலுக்குமாக மொத்த வீட்டுக்கும் மென்னீராக்கி வைப்பவர்கள் இன்னொரு சிக்கலை உண்டாக்குகிறார்கள். அந்தக் கருவி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அதைப் புதுப்பிக்க உப்புக் கரைசல் ஊற்ற வேண்டும். நாளுக்கு 240 கிராம் கடினத்தன்மையை நீக்க, மிகக் குறைந்த கணக்கிலேயே ஆண்டுக்கு நூறு கிலோ உப்பு வேண்டும். நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்காவது ஆகும். ஒரு தெருவில் ஐம்பது வீடுகள் இதைச் செய்தால் ஆண்டுக்குப் பத்து டன் உப்பு அந்தத் தெருவின் மண்ணுக்குள் இறங்குகிறது. கடின நீராக இருந்தது சில ஆண்டுகளில் நிஜமான உப்பு நீராகும்.

அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரை வைத்துத்தானே வாழ்ந்தார்கள் என்பது இன்னொரு மறுப்பு. வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் இறைத்தது இதே தண்ணீர் இல்லை. மதுரைச் சமவெளி கண்மாய்களின் நாடு. வைகையில் இருந்து பிரியும் கால்வாய்களும் மழை ஓடைகளும் கண்மாய்களை நிரப்பின. கண்மாய்கள் பல மாதங்கள் மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளுக்குப் புது நீர் ஊட்டின. அந்தப் புது நீருக்குப் பாறையைக் கரைக்க அவகாசம் இருக்கவில்லை. கிணறு ஆழமும் குறைவு. பிறகு நடந்ததை ஊரே அறியும். உலகனேரிக் கண்மாயில் 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது. தல்லாகுளம் கண்மாய் கட்டடங்களுக்கு அடியில் போனது. மாடக்குளம், வண்டியூர், செல்லூர்க் கண்மாய்கள் மிஞ்சியிருக்கின்றன, ஆனால் வரத்துக்கால்வாய்களில் குப்பையும் கழிவுநீரும் கலக்கின்றன. கிருதுமால் ஆறு இருந்த இடத்தில் நகருக்குள் சாக்கடைதான் ஓடுகிறது. வைகைப் படுகையின் மணலை அள்ளியதில் நீரைப் பிடித்துவைக்கும் படுகையே மெலிந்தது. ஊட்டம் நின்றதும் கிணறு வற்றியது. கிணறு வற்றியதும் போர்வெல் போட்டோம். போர்வெல் ஆழம் போகப் போகக் கடினம் ஏறியது. கடின நீருக்குப் பாறைதான் மூலம் என்றாலும், அதன் இன்றைய அளவுக்கு நாம் கண்மாய்களை நடத்திய விதமே காரணம். இதற்கு எதிர்ச்சான்றும் நகருக்குள்ளேயே இருக்கிறது. பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு மீண்டும் வைகை நீரைக் கொண்டுவந்த பின் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறியது. 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. பல வீடுகளில் அந்தக் குழாய்கள் இன்று எந்தக் குழிக்கும் போய்ச் சேராமல் சுவரில் தொங்குகின்றன.

முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. லோயர் கேம்ப்பில் நீர் எடுத்து மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் தருவதற்காக வடிவமைக்கப்பட்ட திட்டம் அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு நீருக்குப் பாறையில் தங்கும் வாய்ப்பு இல்லை என்பதால் அதன் கடினத்தன்மை மிகக் குறைவு. 2011 கணக்கெடுப்பில் மதுரை நகர்த் திரளின் மக்கள்தொகை 14.65 லட்சம். அந்த எண்ணிக்கையை வைத்தே வகுத்தாலும் தலைக்கு 85 லிட்டர் வருகிறது. பழைய வைகைத் திட்டங்களின் நீர் அதற்கு மேல். பெருநகரத்துக்கான தேசிய அளவுகோல் தலைக்கு 150 லிட்டர். ஆகவே புழக்கத்தின் பெரும்பங்கை ஆற்று நீருக்கு மாற்றுவது கனவு இல்லை. ஆனால் அது தானாக நடந்துவிடாது. குழாய் வந்தபின்னும் வாரத்தில் சில மணி நேரம் மட்டும் நீர் விட்டால் வீடுகள் அதைக் குடத்தில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்ளும். துவைக்க மறுபடி போர்வெல்தான். இன்னொரு பக்கம், கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் இந்தத் திட்டத்தை எதிர்த்ததற்கு நியாயம் உண்டு. ஆற்று நீர் வரம்பற்றது கிடையாது. அதனால்தான் ஒன்றை விட்டு மற்றொன்று என்று இல்லாமல் இரண்டையும் கலக்க வேண்டும் என்கிறேன். 800 மில்லிகிராம் போர்வெல் நீர் ஒரு பங்கு, 50 மில்லிகிராம் ஆற்று நீர் நான்கு பங்கு கலந்தால் சரியாக 200 வரும். இரண்டு பங்கு ஆற்று நீருக்கு ஒரு பங்கு போர்வெல் நீர் என்றால் 300. பாதிக்குப் பாதி என்றால்கூட 425, அதாவது சுமை ஏறத்தாழப் பாதியாகிறது. வார்டு மேல்நிலைத் தொட்டியிலேயே இதைச் செய்யலாம். பரிசோதித்த, கிருமி நீக்கிய போர்வெல் நீரை மட்டுமே கலக்க வேண்டும். நைட்ரேட்டோ ஃப்ளூரைடோ மிகுந்த கிணற்றைச் சேர்க்கக் கூடாது. அதற்குத் தேவை ஒரு வால்வும், ஒரு பரிசோதனைக் கூடமும், தினமும் எண்ணை எழுதி வைக்கும் ஓர் ஊழியரும்.

ஆற்று நீர் எட்டாத ஊர்களுக்கு மையமாகவே மென்னீராக்கும் வழியும் உண்டு. சுண்ணாம்புக் கரைசல் சேர்த்துக் கடினத்தை வண்டலாக இறக்கும் முறைக்கு ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க் 1841-லேயே காப்புரிமை பெற்றார். நெதர்லாந்து 1970-களில் இருந்து குடிநீர் நிலையங்களிலேயே கடினத்தைச் சிறு மணிகளாகப் பிரித்தெடுத்து, அந்த மணிகளை வேறு தொழில்களுக்குத் தருகிறது. அங்கே இந்த முடிவுக்கு வழிவகுத்தது உடல்நலம் மட்டுமல்ல. வீடுகள் சோப்பிலும் மின்சாரத்திலும் மிச்சப்படுத்துவது நிலையத்தின் செலவைவிட அதிகம் என்ற கணக்கும்தான். நம்மூரில் அரசிடம் பணம் ஏது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். கடின நீரால் ஒரு வீட்டுக்கு மாதம் 300 ரூபாய்தான் கூடுதல் செலவு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் வீடுகள் ஆண்டுக்கு 36 கோடி ரூபாய் செலவழிக்கின்றன. செலவு இப்போதும் நடக்கிறது. சிதறிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

தெரியவைப்பதுதான் முதல் வேலை. தெருமுனைத் தொட்டியில் கட்டியவர் பெயரும் திட்டத்தின் பெயரும் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் நீரின் கடினத்தன்மை எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, கடைசியாகப் பரிசோதித்த தேதி எது என்ற மூன்று எண்களை அதற்குப் பக்கத்தில் எழுத அதிகச் செலவாகாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் செலுத்தித் தனிநபரும் நீரைப் பரிசோதிக்கலாம். நகரத்தில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. ஊராட்சிகளில் கிராம சபை கூட வேண்டிய நாட்களில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் ஒன்று. அந்தக் கூட்டங்களில் நல்ல தண்ணி எப்போது வரும் என்று வழக்கம்போல் கேளுங்கள். அதோடு, வீட்டில் நாள் முழுதும் ஓடுகிற அந்த இரண்டாவது குழாயின் தண்ணீரில் என்ன இருக்கிறது, அதை 200-க்குக் கொண்டுவர எந்த ஆண்டு என்றும் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.